மாதாந்திரக் கணிப்புக் கோப்புகளை ஒன்றாக்கித் துல்லியம் பார்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

மாதம் தவறாமல் ஒரு விற்பனைக் கணிப்புக் கோப்பு வருகிறது. ஒவ்வொன்றிலும் அடுத்த சில மாதங்களுக்கான எண்கள். ஒரு வருடம் கழித்து யாராவது ஒருவர், "நம் கணிப்பு தேறியிருக்கிறதா, இல்லையா?" என்று கேட்பார். அப்போது 12 கோப்புகளையும் திறந்து வைத்துக்கொண்டு, ஒன்றிலிருந்து நகலெடுத்து இன்னொன்றில் ஒட்ட ஆரம்பிப்போம். பாதி வழியில் எந்த எண் எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்பதே மறந்துபோகும்.

எக்செலில் உள்ள பவர் குவெரி என்ற தரவு சேர்க்கும் கருவியை வைத்து இதை ஒருமுறை ஒழுங்காகச் செய்துவிட்டால், அப்புறம் மாதாமாதம் ஒரு பட்டனை அழுத்தினால் போதும். எக்செல் 2016 முதல் இது உள்ளேயே இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் அறிக்கைக் கருவியான பவர் பிஐயிலும் ஏறக்குறைய இதே படிகள்தான். புதியவர்கள் சிக்குவது பெரும்பாலும் 5, 7, 9 ஆகிய படிகளில். அவற்றை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மூன்று பொருட்கள் வேண்டும். ஒன்று, கணிப்புக் கோப்புகள், அனுப்பப்பட்ட நிலையிலேயே. பின்னால் யாராவது திருத்திய பிரதி உதவாது. அந்த மாதத்தில் என்ன நினைத்தோம் என்பதைத்தான் நாம் அளக்கப் போகிறோம். இரண்டு, நிஜ விற்பனை அளவுகள், பொருள்வாரியாக, மாதவாரியாக. மூன்று, பொருள் எண்கள் இடையில் மாறியிருந்தால் பழைய எண்ணுக்குப் புதிய எண் எது என்று சொல்லும் ஒரு சின்ன அட்டவணை.

மூன்றாவதைப் பலரும் தேவையில்லை என்று விட்டுவிடுவார்கள். எண் மாறிய பொருளுக்குக் கணிப்பு பழைய எண்ணிலும் விற்பனை புதிய எண்ணிலும் இருக்கும். ஒரே பொருள் இரண்டு இடத்தில் முழுப் பிழையாகக் கணக்கில் ஏறும்.

2. கோப்புகளுக்கு ஒரே மாதிரிப் பெயர் வையுங்கள்

எல்லாக் கோப்புகளையும் ஒரே கோப்புறையில் போடுங்கள். பெயர் "கணிப்பு_2024-03" என்பது போல வருடம் முதலில், மாதம் இரண்டு இலக்கத்தில் இருக்கட்டும். அப்படி வைத்தால் பெயர்வரிசையும் கால வரிசையும் ஒன்றாகிவிடும்; மாதத்தைப் பெயரிலிருந்து வெட்டி எடுப்பதும் எளிது.

கோப்பு கடைசியாகத் திருத்தப்பட்ட தேதியை மாதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பவர் குவெரி அந்தத் தேதியையும் காட்டும், ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் யாராவது கோப்பைத் திறந்து சேமித்தாலே அது மாறிவிடும்.

ஒரு மாதத்துக்கு ஒரு கோப்புதான். "ஃபைனல்", "ஃபைனல் 2", "இதுதான் ஃபைனல்" என்று மூன்று இருந்தால் எது உண்மையில் அனுப்பப்பட்டது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, மற்றவற்றை வேறு கோப்புறைக்கு மாற்றிவிடுங்கள். அதே கோப்புறைக்குள் "பழையவை" என்று உட்கோப்புறை வைத்தாலும் தப்பு. 4-ஆம் படியில் பயன்படுத்தப் போகும் ஃப்ரம் ஃபோல்டர் கட்டளை உட்கோப்புறைகளையும் சேர்த்தே வாசிக்கும்.

3. "கோப்பின் மாதம்" எது என்று முடிவு செய்யுங்கள்

"மார்ச் கோப்பு" என்றால் மார்ச்சில் தயாரித்ததா, பிப்ரவரி கடைசியில் தயாரித்து மார்ச்சிலிருந்து தொடங்குவதா? இரண்டு வழக்கமும் உண்டு. ஒரே அலுவலகத்தில் இரண்டு பிரிவுகள் வெவ்வேறு விதமாகச் சொல்வதையும் பார்த்திருக்கிறேன். இதைத் தீர்க்காமல் மேலே போனால் எல்லாக் கணக்கும் ஒரு மாதம் தள்ளிப்போகும். எங்கும் சிவப்பு எச்சரிக்கை வராது.

இந்த வழிகாட்டியில், கோப்பின் மாதம் என்பது அது தயாரிக்கப்பட்ட மாதம். எந்த மாதத்தின் விற்பனையைப் பற்றி அது சொல்கிறதோ, அது இலக்கு மாதம்.

4. கோப்புறையை இணையுங்கள்

டேட்டா தாவலில் கெட் டேட்டா, அதில் ஃப்ரம் ஃபைல், அதில் ஃப்ரம் ஃபோல்டர். கோப்புறையைக் காட்டியதும் கோப்புகளின் பட்டியல் வரும். உடனே ஒன்றாக்காமல், முதலில் டிரான்ஸ்ஃபார்ம் டேட்டாவை அழுத்திப் பட்டியலை வடிகட்டுங்கள்: பெயர் "கணிப்பு_" என்று தொடங்குபவை மட்டும் போதும்.

காரணம் இருக்கிறது. யாராவது ஒருவர் கோப்பைத் திறந்து வைத்திருந்தால், ~$ என்று தொடங்கும் தற்காலிகக் கோப்பு ஒன்று அதே இடத்தில் முளைக்கும். பவர் குவெரி அதையும் திறக்கப் பார்த்துத் தோற்றுப்போகும். நேற்று வரை ஓடியது இன்று ஓடவில்லை என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, "யாராவது கோப்பைத் திறந்து வைத்திருக்கிறார்களா?" என்பதுதான்.

வடிகட்டியபின் கன்டென்ட் என்ற பத்தியின் தலைப்பில் உள்ள இரட்டை அம்புக்குறியை அழுத்தி, எந்தத் தாள் என்று தேர்ந்தெடுங்கள். எல்லாக் கோப்பிலும் தாளின் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு கோப்பில் மட்டும் பெயரின் கடைசியில் ஓர் இடைவெளி இருந்தாலும் அந்தக் கோப்பு பிழை காட்டும்.

5. புரட்டும் வேலையை மாதிரிக் கோப்பிலேயே செய்யுங்கள்

மொத்த வேலையின் உயிர்நாடி இந்தப் படிதான்.

கணிப்புக் கோப்புகளுக்கு ஒரு குணம் உண்டு: மாதங்கள் பத்திகளாகக் குறுக்கே ஓடும், அந்தப் பத்திகள் மாதாமாதம் நகரும். ஜனவரிக் கோப்பில் பிப்ரவரி முதல் ஜூலை வரை. பிப்ரவரிக் கோப்பில் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை. பவர் குவெரி ஒன்றாக்கும்போது முதல் கோப்பை மாதிரியாக எடுத்துக்கொண்டு, அதில் உள்ள பத்திப் பெயர்களை மட்டுமே மற்றக் கோப்புகளிலும் தேடும். விளைவு? பிப்ரவரிக் கோப்பின் ஆகஸ்ட் பத்தி சத்தமில்லாமல் காணாமல்போகும். பிழைச்செய்தி கிடையாது. எண்கள் அழகாக வந்து நிற்கும், பாதி இல்லாமல்.

அதனால் பத்திகளை வரிசைகளாகப் புரட்டும் வேலையை எல்லாம் சேர்ந்தபிறகு செய்யக்கூடாது. சேர்வதற்கு முன்பே செய்ய வேண்டும். இடதுபக்கம் டிரான்ஸ்ஃபார்ம் சாம்பிள் ஃபைல் என்று ஒரு குவெரி (வரிசையாக ஓடும் படிகளின் தொகுப்பு) தானாக உருவாகியிருக்கும். அதில் செய்வதெல்லாம் ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியாக நடக்கும். அங்கே போங்கள்.

முதலில், மேலே தலைப்பு வரிகள், தேதி, பெயர் என்று ஏதாவது இருந்தால் அந்த வரிகளை நீக்குங்கள். பிறகு முதல் வரியைத் தலைப்பாக்குங்கள். தலைப்பாக்கியவுடன் சேஞ்ச்டு டைப் என்று ஒரு படி தானாக ஒட்டிக்கொள்ளும். அதை உடனே அழித்துவிடுங்கள். ஒவ்வொரு மாதத்தின் பெயரையும் அது தனக்குள் எழுதி வைத்திருக்கும். அந்த மாதம் இல்லாத அடுத்த கோப்பு வந்ததும், பத்தியைக் காணோம் என்று நின்றுவிடும்.

அடுத்து, மாறாத பத்திகளை மட்டும் தேர்ந்தெடுங்கள்: பொருள் எண், பொருளின் பெயர் போன்றவை. வலது கிளிக் செய்து அன்பிவட் அதர் காலம்ஸ். மாதப் பத்திகளைத் தேர்ந்தெடுத்து அன்பிவட் ஒன்லி செலக்டட் காலம்ஸ் கொடுப்பது வேறு, மற்றவற்றைத் தேர்ந்தெடுத்து 'இவை தவிர எல்லாம்' என்பது வேறு. இரண்டாவதைத்தான் செய்கிறோம், ஏனென்றால் மாதப் பெயர்கள் எங்கும் பதிவாகக் கூடாது.

இப்போது எந்தக் கோப்பாக இருந்தாலும் வெளியே வருவது ஒரே வடிவம்: பொருள், மாதத் தலைப்பு, அளவு. முக்கியக் குவெரிக்குத் திரும்பினால் அங்கே பெரும்பாலும் பிழை காத்திருக்கும். பயப்பட வேண்டாம், அங்கும் ஒரு பழைய சேஞ்ச்டு டைப் படி இல்லாத பத்திகளைத் தேடிக்கொண்டிருக்கும். அதையும் அழித்தால் சரியாகிவிடும். இந்த வடிவத்தில் ஒவ்வொரு வரியின் முன்னும் சோர்ஸ் நேம் என்ற பத்தியில் கோப்பின் பெயர் இருக்கும். அது நமக்கு வேண்டும், நீக்காதீர்கள்.

ஒரு விஷயத்தை நினைவில் வையுங்கள்: அன்பிவட் காலியான கட்டங்களைத் தூக்கி எறிந்துவிடும். 0 என்று எழுதியிருந்தால் வரி தங்கும், காலியாக விட்டிருந்தால் வரியே இருக்காது. இதற்கான மருந்து 9-ஆம் படியில்.

6. மாதத் தலைப்பைத் தேதியாக்குங்கள்

புரட்டியபின் மாதத் தலைப்புகள் வெறும் எழுத்தாக இருக்கும். தேதியாக்கும் முன் அந்தப் பத்தியின் வடிகட்டிப் பட்டியலைத் திறந்து பாருங்கள். "மொத்தம்", "குறிப்பு", "காலாண்டு 1" என்று விருந்தாளிகள் உட்கார்ந்திருப்பார்கள். மாதம் அல்லாத பத்திகளும் சேர்ந்தே புரண்டுவிட்டன. அவற்றை இங்கே வடிகட்டிவிடுங்கள். பொருள் பத்தியிலும் "மொத்தம்" என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். விட்டுவிட்டால் எல்லாம் இரட்டிப்பாகும்.

அடுத்து தேதியாக மாற்றும்போது யூஸிங் லோகேல் (எந்த நாட்டுத் தேதி வழக்கம் என்று குறிப்பிடுவது) என்ற வழியில் மாற்றுங்கள். 03/04/2024 என்பது ஒரு கணினியில் மார்ச் 4, இன்னொன்றில் ஏப்ரல் 3. லோகேலைக் குறிப்பிட்டுவிட்டால் யார் கணினியில் ஓடினாலும் ஒன்றுதான்.

இன்னொரு பொறி இதைவிடக் கள்ளத்தனமானது. எக்செலில் மாதச் சுருக்கத்தோடு கோடு போட்டு 24 என்று (Mar-24) தட்டினால், தட்டியவர் நினைத்தது 2024 மார்ச். எக்செல் எடுத்துக்கொள்வது நடப்பு வருடத்தின் மார்ச் 24. பார்வைக்கு வித்தியாசம் எளிதில் பிடிபடாது. ஆகவே தேதியாக்கியதும் நாள் என்னவென்று பாருங்கள். எல்லாமே 1 ஆக இருந்தால் நல்லது. 24, 25 என்று ஏதாவது தென்பட்டால் அந்தக் கோப்பின் தலைப்பு தப்பு. இதைப் பார்க்கும் முன்பே எல்லாத் தேதியையும் மாதத்தின் முதல் நாளாக மாற்றிவிட்டீர்களானால் தடயம் அழிந்துவிடும். தப்பு வருடத்தோடு ஒழுங்காகத் தோற்றமளிக்கும்.

பிழை வந்த வரிகளை ரிமூவ் எரர்ஸ் கொண்டு துடைக்காதீர்கள். துடைத்தால் குவெரி ஓடும், ஆனால் ஒரு முழு மாதம் போயிருக்கும்.

7. இடைவெளியைக் கணக்கிடுங்கள், கடந்த மாதங்களை நீக்குங்கள்

சோர்ஸ் நேம் பத்தியிலிருந்து வருடத்தையும் மாதத்தையும் பிரித்துக் கோப்பு மாதம் என்று ஒரு தேதிப் பத்தி உண்டாக்குங்கள். பிறகு இலக்கு மாதத்துக்கும் கோப்பு மாதத்துக்கும் உள்ள தூரத்தைக் கணக்கிடுங்கள். இதைத் துறையில் லேக் என்பார்கள். இங்கே இடைவெளி என்றே எழுதுகிறேன்.

இடைவெளி = (வருட வித்தியாசம் × 12) + மாத வித்தியாசம். 2023 நவம்பர் கோப்பு 2024 பிப்ரவரியைப் பற்றிச் சொன்னால்: 1 × 12 + (2 − 11) = 3. நாட்களைக் கழித்து 30-ஆல் வகுப்பவர்கள் உண்டு. பிப்ரவரி வந்தால் அது உதைக்கும்.

இந்தப் பத்தி ஏன் தேவை? ஒரே மே மாத விற்பனைக்கு டிசம்பரில் ஒரு கணிப்பு, பிப்ரவரியில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று இருக்கும். ஏப்ரலில் சொன்னது கிட்ட வருவதில் ஆச்சரியம் இல்லை. எல்லாவற்றையும் கலந்து சராசரி எடுத்தால் வரும் எண்ணுக்குப் பொருள் கிடையாது. இடைவெளி 1 தனி, இடைவெளி 3 தனி.

எந்த இடைவெளியைப் பார்ப்பது என்று கேட்பார்கள். முடிவு எப்போது எடுக்கப்படுகிறதோ அதை. சரக்கு வந்து சேர 3 மாதம் ஆகுமானால், இடைவெளி 3-இல் சொன்ன எண்ணை வைத்துத்தான் ஆர்டர் போயிருக்கும். அப்புறம் இடைவெளி 1 எவ்வளவு துல்லியமாக இருந்து என்ன பயன்?

அடுத்து, இடைவெளி 0 அல்லது அதற்குக் கீழே உள்ள வரிகளை நீக்குங்கள். பல கோப்புகளில் கணிப்போடு முடிந்த மாதங்களின் நிஜ விற்பனையும் அதே வரிசையில் ஒட்டியிருக்கும். நீக்காமல் விட்டால் நிஜத்தை நிஜத்தோடு ஒப்பிட்டு, பிழையே இல்லை என்று காட்டும். நான் முதல்முறை செய்தபோது இதில்தான் விழுந்தேன். துல்லியம் பிரமாதமாக வந்தது, சந்தோஷமாக அனுப்பியும்விட்டேன். திரும்ப ஒரு மின்னஞ்சல் அனுப்ப வேண்டியிருந்தது.

இந்தக் கட்டத்தில் ஓர் எண்ணிக்கைச் சோதனை போடுங்கள். 12 கோப்பு, 40 பொருள், கோப்புக்கு 6 மாதம் என்றால் 12 × 40 × 6 = 2,880 வரிகள் வர வேண்டும். குறைந்தால் காலிக் கட்டங்கள் அல்லது தொலைந்த பத்தி. கூடினால் மொத்த வரி அல்லது இரட்டைக் கோப்பு.

8. நிஜ விற்பனை அட்டவணையைத் தயார்செய்யுங்கள்

இது தனிக் குவெரி. பொருள், மாதம் ஆகிய இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு வரி இருக்கும்படி குரூப் பை (ஒரே மாதிரி வரிகளைத் தொகுக்கும் கட்டளை) செய்து கூட்டிவிடுங்கள். இரண்டு வரி இருந்தால் அடுத்த படியில் கணிப்பும் இரண்டு மடங்காகும்.

பொருள் எண்ணை இரண்டு பக்கமும் எழுத்து வகையாகவே வையுங்கள். எண்ணாக மாற்றினால் 00123 என்பது 123 ஆகிவிடும், பொருந்தாது. முன்னும் பின்னும் உள்ள வெற்றிடங்களை டிரிம் செய்யுங்கள். பவர் குவெரி ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் வேறுவேறாகப் பார்க்கும், அதனால் எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கிவிடுவது நிம்மதி. பழைய எண், புதிய எண் அட்டவணையைக் கணிப்புப் பக்கமும் விற்பனைப் பக்கமும் பொருத்துங்கள். மேலே சொன்ன குரூப் பை இதற்கெல்லாம் பிறகு.

அலகும் ஒன்றாக இருக்கட்டும். கணிப்பு பெட்டியில், விற்பனை எண்ணிக்கையில் என்றால் எந்தக் கணக்கும் நிற்காது.

9. கணிப்பையும் நிஜத்தையும் சேருங்கள்

பெரும்பாலானோர் செய்வது: கணிப்புக் குவெரியை எடுத்து, மெர்ஜ் குவெரீஸில் லெஃப்ட் அவுட்டர் (இடதுபக்கத்து வரிகளை மட்டும் முழுதாக வைத்துக்கொள்ளும் முறை) போட்டு விற்பனையை ஒட்டுவது. இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. கணிப்பே போடாத பொருள் விற்றுவிட்டால், இடதுபக்கம் அதற்கு வரி இல்லை. அந்தப் பிழை கணக்குக்கே வராது. அன்பிவட் எறிந்த காலிக் கட்டங்களும் இதில்தான் மறைகின்றன. மோசமான தவறுகளே கணக்கிலிருந்து நழுவிவிடும்.

நான் செய்வது இது. கணிப்புக் குவெரியை ரெஃபரன்ஸ் எடுத்து (அதன் முடிவிலிருந்து தொடங்கும் புதுக் குவெரி), ஓர் இடைவெளியை மட்டும் வடிகட்டுவேன். அப்போது ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு இலக்கு மாதத்துக்கும் அதிகபட்சம் ஒரு வரிதான் இருக்கும். இதை விற்பனையோடு ஃபுல் அவுட்டர் முறையில் சேர்ப்பேன். இப்போது ஒருபக்கம் மட்டும் உள்ள வரிகளும் தங்கும். பொருள், மாதம் காலியாக இருக்கும் இடத்தில் மறுபக்கத்து மதிப்பை எடுக்கும்படி புதுப் பத்திகள் உண்டாக்கி, காலியான அளவுகளுக்கு 0 போட வேண்டும். இடைவெளி 3-க்கும் வேண்டுமென்றால் அதே போல இன்னொரு குவெரி. இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, இது எந்த இடைவெளி என்று ஒரு பத்தி.

சேர்க்கும் முன்பே இரண்டு பக்கமும் மாதங்களுக்கு எல்லை கட்டுங்கள். இன்னும் முடியாத மாதங்களுக்குக் கணிப்பு இருக்கும், விற்பனை இருக்காது. 0 போட்டால் எல்லாம் மிகைக் கணிப்பாகத் தெரியும். அதேபோல முதல் கோப்புக்கு முந்தைய மாதங்களுக்கு விற்பனை மட்டும் இருக்கும். கணக்கு முடிந்த கடைசி மாதம் வரை, அந்த இடைவெளியில் முதல் கோப்பு தொடும் மாதம் முதல்.

10. பிழையைக் கணக்கிடுங்கள்

ஒவ்வொரு வரியிலும் இரண்டு பத்திகள் போதும். பிழை = கணிப்பு − நிஜம். தனிப்பிழை = பிழையின் குறியை நீக்கிய மதிப்பு. சதவீதத்தை வரிக்கு வரி கணக்கிட வேண்டாம். ஏன் என்று ஓர் உதாரணம்:

முதல் பொருள்: கணிப்பு 120, நிஜம் 100. பிழை 20, அதாவது 20%.
இரண்டாம் பொருள்: கணிப்பு 20, நிஜம் 10. பிழை 10, அதாவது 100%.

இரண்டு சதவீதங்களின் சராசரி 60%. ஆனால் மொத்தத் தனிப்பிழை 30, மொத்த விற்பனை 110; வகுத்தால் 27.3%. பத்தே பத்து விற்கும் பொருள் முதல் கணக்கைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுகிறது. நிஜம் 0 என்றால் சதவீதமே வராது. ஆகவே கூட்டியபின் வகுங்கள். சரக்கு நிலவரம் பார்ப்பதற்கு இதுதான் பொருந்தும் என்பது என் எண்ணம்.

குறியோடு உள்ள பிழையின் கூட்டலை மொத்த விற்பனையால் வகுத்தால் சாய்வு கிடைக்கும். பிளஸ் என்றால் கூடுதலாகச் சொல்கிறோம், மைனஸ் என்றால் குறைவாக. மாதாமாதம் ஒரே பக்கம் சாய்ந்தால் அது தற்செயல் அல்ல.

எந்த மட்டத்தில் கணக்கிடுகிறீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள். ஒரு பொருளுக்கு 120 சொல்லி 100 விற்றது, இன்னொன்றுக்கு 30 சொல்லி 50 விற்றது என்றால், மொத்தம் 150-க்கு 150. மேலிருந்து பார்த்தால் பிழையே இல்லை. பொருள்வாரியாகப் பார்த்தால் 150-இல் 40, கிட்டத்தட்ட 26.7%. கிடங்கில் இருப்பவருக்கு இரண்டாவது எண்தான் உண்மை.

11. காலப்போக்கில் ஒப்பிடுங்கள்

சேர்த்த அட்டவணையைத் தாளில் சாதாரண டேபிளாக இறக்கி, பிவட் டேபிள் போடுங்கள். அதில் கேல்குலேட்டட் ஃபீல்டாக (பிவட் டேபிளுக்குள் நாமே எழுதும் சூத்திரம்) தனிப்பிழை / நிஜம் என்று எழுதினால், எக்செல் முதலில் இரண்டையும் கூட்டி, பிறகு வகுக்கும். நமக்கு வேண்டியதும் அதுவேதான். டேட்டா மாடலில் இறக்கினால் இந்த வசதி கிடைக்காது. அங்கே மெஷர் என்ற தனிச் சூத்திரம் எழுத வேண்டும்.

வரிசையில் இலக்கு மாதம், பத்தியில் இடைவெளி. கோப்பு மாதத்தை வரிசையில் வைக்காதீர்கள். வைத்தால் இடைவெளி 1-உம் 3-உம் வெவ்வேறு மாத விற்பனையைக் குறிக்கும். இரண்டு இடைவெளிகளை ஒப்பிடும்போது இரண்டுக்கும் பொதுவான மாதங்களை மட்டும் எடுங்கள். முதல் கோப்பு ஜனவரி என்றால், இடைவெளி 1 பிப்ரவரியிலிருந்தும் இடைவெளி 3 ஏப்ரலிலிருந்தும்தான் தொடங்கும்.

ஒரு மாதம் துள்ளுவதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். மூன்று மாதத் தனிப்பிழைகளைக் கூட்டி மூன்று மாத விற்பனையால் வகுத்த எண்ணைக் கோடாக வரைந்தால் போக்கு தெரியும். நடுவில் புதுப் பொருட்கள் நுழைந்திருந்தால், முதலிலிருந்தே இருக்கும் பொருட்களுக்கு மட்டும் ஒரு தனிக்கோடு போட்டுப் பாருங்கள். கணிப்பு கெட்டதா, பட்டியல் மாறியதா என்று அப்போது பிரித்தறியலாம்.

27% நல்லதா, கெட்டதா? தனியாகச் சொல்ல முடியாது. ஒரு சோம்பேறிக் கணிப்பைப் பக்கத்தில் வையுங்கள்: போன வருடம் அதே மாதம் விற்ற அளவே இந்த வருடமும். அல்லது கடைசியாகத் தெரிந்த மாத விற்பனை. பின்னதில் ஏமாற்றாமல் இருக்க வேண்டும். மார்ச்சில் மே மாதத்துக்குக் கணித்தவருக்கு அன்று முழுதாகத் தெரிந்தது பிப்ரவரி விற்பனைதான். ஏப்ரலை எடுத்து ஒப்பிட்டால் அது நியாயமில்லை. இவ்வளவு கூட்டம் கூடிப் பேசிப் போட்ட கணிப்பு சோம்பேறிக் கணிப்பிடம் தோற்கும் பொருட்கள் சில நிச்சயம் இருக்கும். பேச்சை அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

12. அடுத்த மாதக் கோப்பு வரும்போது

கோப்பைச் சரியான பெயரில் கோப்புறையில் போடுங்கள், ரெஃப்ரெஷ் ஆல் அழுத்துங்கள். பிவட் டேபிள் சில சமயம் குவெரி முடியும் முன்பே புதுப்பித்துக்கொள்ளும். எண் மாறவில்லை என்றால் இன்னொரு முறை அழுத்துங்கள்.

அப்புறம் இரண்டு நிமிடம் ஒதுக்கி, புதுக் கோப்பைத் தனியாகத் திறந்து, ஒரு மாதப் பத்தியின் கூட்டலைக் கையால் போட்டு, குவெரியில் அதே கோப்பு, அதே மாதத்தின் கூட்டலோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கடைசி மாதப் பத்தியை எடுத்துப் பாருங்கள், முதல் மாதத்தை அல்ல. தொலைவது எப்போதும் கடைசிப் பத்திதான்.